மூன்று ஏக்கர், இரண்டு நீர்: இறாலா, கொடுவாவா, கெண்டையா?

திருப்பூரில் பதினைந்து ஆண்டுகள் பனியன் கம்பெனிகளில் உழைத்துச் சேர்த்த பணத்தோடு ஊர் திரும்பியிருக்கும் என் சித்தப்பா மகன், ஒரு மாலை வீட்டுக்கு வந்து, “அண்ணே, நம்ம நிலத்துல மீன் வளர்க்கலாம்னு இருக்கேன். எதைப் போடுறதுன்னு நீங்கதான் யோசிச்சுச் சொல்லணும்” என்றான். சீர்காழிக்குக் கிழக்கே எங்கள் குடும்பத்துக்கு இருப்பது மூன்று ஏக்கர். அதில் இரண்டு ஏக்கர், வாய்க்கால் பாசனத்தில் சம்பா விளையும் நன்செய்; அதன் வடகிழக்கு மூலை மட்டும் பள்ளமாக இருப்பதால் கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகிவிடும். மீதி ஒரு ஏக்கர், உப்பனாற்றை ஒட்டி முப்பது ஆண்டுகளுக்கு முன் இறாலுக்காக வெட்டப்பட்டு, இன்று கரை சரிந்து கிடக்கும் குளம். ஒரு பக்கம் காவிரியின் நன்னீர், மறுபக்கம் கடல் ஏறி இறங்கும் உவர்நீர். இரண்டுக்கும் இடையே ஒரு கிலோமீட்டர்கூட இல்லை.

நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்களின் கடலோரக் கடைமடையில் இதே நிலையில் பல குடும்பங்கள் இருப்பதால், அவனுக்காக நான் போட்டுப் பார்த்த கணக்கை இங்கே விரித்து எழுதுகிறேன். மீன் வளர்ப்பில் இறங்குகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது, ஏக்கருக்கு எவ்வளவு கிடைக்கும் என்ற ஒரே கேள்வியைத்தான். அது தேவையான கேள்வியே. ஆனால் வளர்க்கப்போகும் உயிர் எதைத் தின்கிறது, அது கழித்த தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்ற இன்னும் இரண்டு கேள்விகளை அதோடு சேர்த்துக் கேட்காவிட்டால், முதல் கேள்விக்குக் கிடைக்கும் பதிலும் இரண்டு மூன்று ஆண்டுகளில் பொய்த்துப்போகும் என்பதை எங்கள் ஒரு ஏக்கர் குளமே எனக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது.

மீனைக் குளத்தில் வளர்த்தால் கடலுக்கு ஓய்வு கிடைக்கும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் வளர்த்தெடுக்கப்பட்ட மீன், இறால், சிப்பி முதலிய நீர்வாழ் உயிரினங்களின் அளவு 9.44 கோடி டன். கடலிலும் ஆறு ஏரிகளிலும் பிடிக்கப்பட்டதை வளர்ப்பு முதன்முறையாக அந்த ஆண்டில்தான் மிஞ்சியது. ஆயினும் கடலில் பிடிக்கப்படும் அளவு அதனால் குறைந்துவிடவில்லை. பிடிபடும் மீனில் ஆண்டுக்கு 1.7 கோடி டன் அளவுக்கு மனிதர் வாய்க்குப் போகாமல் மீன்தூளாகவும் மீன் எண்ணெயாகவும் அரைபட்டு, அதில் பெரும்பகுதி வளர்ப்புக் குளங்களின் தீவனமாகத் திரும்புகிறது. ஆகவே குளம் வெட்டியதாலேயே கடலைக் காத்துவிட்டோம் என்று யாரும் நிம்மதி அடைய முடியாது. கடலைக் காக்கும் மீன் வளர்ப்பும் உண்டு, கடலைத் தின்னும் மீன் வளர்ப்பும் உண்டு.

தம்பி மனத்தில் முதலில் இருந்தது வனாமி இறால். அது இயல்பானதே. 2023-24ஆம் நிதியாண்டில் இந்தியா ஏற்றுமதி செய்த கடல்பொருட்களின் மதிப்பு சுமார் 60,500 கோடி ரூபாய். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உறைந்த இறாலால் வந்தது. நூற்றுப்பத்து, நூற்றிருபது நாளில் ஒரு பிடிப்பு முடிந்து பணம் கைக்கு வந்துவிடும் தொழில் இந்தக் கடற்கரையில் வேறு இல்லை. நியாயமாகப் பார்த்தால் வனாமிக்கு வேறு சில நற்குணங்களும் உண்டு. முன்பு வரி இறால் (டைகர் இறால்) வளர்த்தபோது, அதன் குஞ்சுகளைக் கழிமுகங்களில் சிறு வலை இழுத்துப் பிடித்து, உடன் சிக்கிய நூற்றுக்கணக்கான மற்ற மீன்குஞ்சுகளைக் கரையில் கொட்டிச் சாகவிட்டார்கள். பொரிப்பகங்கள் வந்த பிறகும் தாய் இறாலைக் கடலிலிருந்துதான் பிடித்து வந்தார்கள். தென் அமெரிக்கப் பசிபிக் கரையைச் சேர்ந்த வனாமி 2009இல் இந்தியாவில் அனுமதிக்கப்பட்டபோது, நோயற்றதெனச் சான்று பெற்ற தாய் இறாலை இறக்குமதி செய்து, சென்னையில் தனிமைப்படுத்திச் சோதித்த பின்னரே பொரிப்பகங்களுக்குத் தருவது என்ற ஒழுங்கும் உடன் வந்தது. தீவனத்தில் வனாமிக்குத் தேவைப்படும் புரதமும் வரி இறாலுக்குத் தேவைப்படுவதைவிடக் குறைவு.

இத்தனைக்கும் பிறகு நான் வனாமி வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம், அந்தக் குளம் வெளியே தள்ளும் கழிவு. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் அனுமதிக்கும் உச்ச இருப்பு, சதுர மீட்டருக்கு 60 குஞ்சுகள். ஓர் ஏக்கர் என்பது சுமார் 4,000 சதுர மீட்டர். ஆக 2,40,000 குஞ்சுகள். நூற்றுக்கு எண்பது பிழைத்து, ஒவ்வொன்றும் 20 கிராம் எடைக்கு வந்தால் கிடைப்பது 3.8 டன் இறால். ஒரு கிலோ இறாலுக்கு ஒன்றரைக் கிலோ தீவனம் என்று கொண்டால், நான்கு மாதத்தில் குளத்தில் கொட்டப்படுவது ஏறத்தாழ 5.8 டன். அதில் 35 விழுக்காடு புரதம். அந்தப் புரதத்தில் அடங்கியிருக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) 325 கிலோ அளவுக்கு வரும். இறாலின் உடம்பில் சேருவது அதில் நான்கில் ஒரு பங்கு மட்டுமே. மீதியுள்ள சுமார் 240 கிலோ நீரிலும் அடிச்சேற்றிலும் தங்குகிறது, ஒரு பகுதி காற்றில் கலக்கிறது. அதை யூரியாவாக மாற்றிக் கணக்கிட்டால், 45 கிலோ மூட்டையில் பதினொன்றரை மூட்டை. ஓர் ஏக்கர் நெல்லுக்குப் பருவம் முழுவதற்கும் பரிந்துரைக்கப்படும் தழைச்சத்து 60 கிலோதான். அதைப் போல நான்கு மடங்கை, நான்கே மாதத்தில், ஒரே ஏக்கரிலிருந்து கழிக்கிறோம். கழிவுநீரைத் தேக்கித் தெளியவைக்கும் குட்டை வேண்டும் என்று விதி இருக்கிறது. நேர்மையாக அதை அமைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஓர் ஏக்கர் மட்டுமே உள்ள ஒருவன், அதிலும் ஒரு பகுதியைத் தண்ணீர் தெளிவதற்காக ஒதுக்கினால் கணக்கு இடிக்கும். ஒதுக்காவிட்டால் உப்பனாறு அதைச் சுமக்கும். மடவைக் குஞ்சும் இறால் குஞ்சும் நண்டும் சிறுவயதைக் கழிப்பது அந்தக் கழிமுகத்தில்தான். திருமுல்லைவாசல் முகத்துவாரத்தில் வீச்சுவலை போடுகிறவர்களின் சோறும் அதே தண்ணீரில்தான் இருக்கிறது.

எங்கள் குளத்தின் கதையும் இங்கே சொல்லப்பட வேண்டியது. 1993இல் சித்தப்பா அந்த ஒரு ஏக்கரை வெட்டி வரி இறால் விட்டார். முதல் இரண்டு பிடிப்பும் வீட்டுக்கு ஓட்டுக் கூரையை மாற்றித் தளம் போடுகிற அளவுக்குப் பணம் தந்தன. 1995இல் ஒரு விடியற்காலை, தீவனம் தின்கிறதா என்று பார்க்கக் குளத்துக்குள் இறக்கிவைத்திருந்த செக் டிரேயை அவர் தூக்கியபோது, முந்தைய இரவு வைத்த தீவனம் அப்படியே ஊறி இருந்தது. கரையோரம் டார்ச் அடித்தோம். இறால்கள் தண்ணீரின் விளிம்பில், ஒன்றன்மேல் ஒன்றாக, நகராமல் ஒதுங்கியிருந்தன. ஒன்றை எடுத்துத் தலையோட்டை உரித்து வெளிச்சத்தில் பிடித்தார். உள்பக்கம் அரிசிமாவு தெளித்ததுபோல் வெள்ளைப் புள்ளிகள். நான்காம் நாள் குளத்தில் உயிருள்ள இறால் இல்லை. வெண்புள்ளி நோய் அந்த ஆண்டுகளில் ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் கடற்கரை முழுவதையும் அடித்துப்போட்டதால் அது எங்களுக்கு மட்டும் நேர்ந்த இழப்பாக இல்லை என்பது உண்மைதான். ஆனால் கடன் எங்களுடையதாக இருந்தது.

பணம் போனதைவிட நெடுநாள் வருத்தியது கிணறு. குளத்தை அடுத்திருந்த எங்கள் பங்காளியின் கொல்லைக் கிணற்றில் மூன்றாம் ஆண்டிலிருந்து பருப்பு வேகவில்லை. தேநீருக்குப் பாலை ஊற்றினால் திரிந்தது. குளத்துக்கு மேற்கே இருந்த அவருடைய அரை ஏக்கர் வயலில், பங்குனி வெயிலில் வரப்போரம் வெண்மையாக உப்புப் பூத்து, அடுத்த சம்பாவில் நாற்று நட்ட இருபது நாளில் நுனி கருகியது. நெற்பயிர், மண்ணின் உப்பளவு மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸை (மண்ணின் உப்பை அளக்கும் அலகு) தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும் பயிர். களிமண் கரையாயிற்றே, கசியாது என்று சித்தப்பா நம்பியிருந்தார். இன்றுவரை அந்தப் பங்காளி எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வருகிறார், சாப்பிடாமல் போய்விடுகிறார். 2014இல் வெளியூர்க் குத்தகைதாரர் ஒருவர் அதே குளத்தில் வனாமி விட்டு மூன்று பிடிப்பு எடுத்தார். மூன்றாவதில் நுண்ணிய ஒட்டுண்ணி ஒன்றால் வரும் ஈ.எச்.பி. நோய் கண்டு இறால் வளராமல் நின்றுவிட, வைத்ததை வைத்தபடி விட்டுப் போனார். அந்த ஒட்டுண்ணியின் வித்துகள் குளத்து மண்ணிலேயே தங்கக்கூடியவை என்பதால், அதே மண்ணில் மறுபடி இறால் விடுவது துணிச்சலான காரியம்.

இப்படிப்பட்ட கிணறுகளும் வயல்களும் பெருகியபோதுதான் இந்த டெல்டாவிலிருந்து சர்வோதயத் தொண்டர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அவரும் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் நிலமற்ற உழவர்களுக்காக 1981இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நாகை வட்டாரத்தில் வேலை செய்துவந்தவர்கள். 1996 டிசம்பர் 11 அன்று வழங்கப்பட்ட தீர்ப்பு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் மரபு முறை சாராத இறால் பண்ணைகள் கூடாது என்றும், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்றும் சொன்னது. பின்னர் 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, பதிவு பெற்ற பண்ணைகள் விதிகளுக்கு உட்பட்டு நடக்க வழி செய்தது. 2023இல் அது திருத்தப்பட்டது. இப்போது முடிவெடுப்பவர்கள் அறிய வேண்டியவை இரண்டு. விளைநிலத்தையும் அலையாத்திக் காட்டையும் இறால் குளமாக மாற்ற வழிகாட்டு நெறிகள் இடம் தரவில்லை. எனவே எங்கள் இரண்டு ஏக்கர் நன்செயில் இறால் என்ற பேச்சே எழக்கூடாது. அடுத்து, பதிவு இறாலுக்கு மட்டும்தான் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உவர்நீரில் மீன் வளர்த்தாலும் நண்டு வளர்த்தாலும் பதிவு வேண்டும்.

சந்தையும் நம் கையில் இல்லை. வனாமியின் பெரிய வாங்குநர் அமெரிக்கா. 2025 ஆகஸ்டில் அந்த நாடு இந்தியப் பொருட்கள்மீது 50 விழுக்காடு வரி விதித்தபோது, வாஷிங்டனில் போடப்பட்ட கையெழுத்து சீர்காழியில் குளம் வைத்திருப்பவனின் விலையைத் தொட்டது. இறால் வளர்ப்பில் பெரிய முதலும் பெரிய இருப்பும் உள்ளவர் ஒரு பிடிப்பை இழந்து அடுத்ததில் எழுந்துகொள்வார். சேமிப்பு முழுவதையும் கொண்டுவந்திருக்கும் ஒருவனுக்கு அப்படி எழ இரண்டாவது வாய்ப்புக் கிடைப்பதில்லை.

இரண்டாவதாகப் பேசியது கொடுவா. சுவைக்கும் விலைக்கும் கொடுவாவுக்கு இணை சொல்ல இந்தக் கரையில் மீன் குறைவு. நன்னீரிலும் வளரும், உவர்நீரிலும் வளரும், கடலிலும் வளரும். முட்டையிட மட்டும் முகத்துவாரத்துக்கு இறங்கும். இந்தியாவில் அதன் தூண்டல் இனப்பெருக்கத்தைச் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் வெற்றிகரமாகச் செய்து காட்டிய பிறகு, குஞ்சுக்காகக் கடலை எதிர்பார்க்க வேண்டிய நிலை நீங்கியது. ஆனால் கொடுவா முழுக்க முழுக்க ஊனுண்ணி. குஞ்சுப் பருவத்தில் தன்னினும் சிறிய உடன்பிறப்பை விழுங்கிவிடும் என்பதால், சில நாட்களுக்கு ஒருமுறை வலைத் தொட்டியிலிருந்து எடுத்து அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓர் ஆள் அதிலேயே குடியிருக்க வேண்டிய வேலை அது.

கொடுவா விஷயத்தில் என்னை நிறுத்தியது அதன் இரை. புரதம் 40 விழுக்காட்டுக்கு மேல் உள்ள செயற்கைத் தீவனம் கிடைக்கிறது, விலை அதிகம். விலைக்கு அஞ்சி வளர்ப்பவர்கள் பலர் போடுவது சங்காயம், அதாவது இழுவைமடியில் வந்து சேரும், உணவுக்கு விற்க முடியாத பொடிமீன். ஒரு கிலோ கொடுவா வளர ஐந்து முதல் ஏழு கிலோ சங்காயம் செல்லும். நாகப்பட்டினம் துறைமுகத்தில் விசைப்படகு இறக்கும் சங்காயக் குவியலை ஒருமுறை கையால் கிளறிப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். விரல் நீளச் சங்கராக் குஞ்சு, இன்னும் கண் மட்டுமே பெரிதாக இருக்கும் சீலா, காசு அளவு நண்டு, ஓடு கெட்டிப்படாத கணவாய் என, அடுத்த ஆண்டு ஏலத்துக்கு வந்திருக்க வேண்டியவை எல்லாம் மண்வெட்டியால் அள்ளப்பட்டு லாரி ஏறும். விசைப்படகுகள் கரையில் நிற்க வேண்டிய 61 நாள் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன் பெருகட்டும் என்பதற்காகவே வந்தது. அந்த அறுபத்தோரு நாளில் கடலில் விட்டுவைத்ததை, மீதி முந்நூறு நாளில் குஞ்சாகவே வாரிக் குளத்தில் கொட்டிக் கொடுவாவாக்கி விற்பதில் நமக்கு லாபம் வரலாம். கட்டுமரமும் ஃபைபர் படகும் வைத்திருக்கும் தரங்கம்பாடிக்காரனும் பழையாற்றுக்காரனும் அதற்குப் பணம் கட்டுகிறார்கள்.

சங்காயத்தைத் தொடாமல் செயற்கைத் தீவனத்தில் மட்டும் கொடுவா வளர்க்க முடிந்தால் என் எதிர்ப்புப் பாதியாகக் குறையும். தொழில் தெரிந்து, முதல் திரட்டி, நான்கைந்து ஆண்டுக்குப் பின் தம்பி அதற்கு வரட்டும். முதல் அடியாக அது வேண்டாம்.

நண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தின் கீழ் இயங்கும் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தின் சேற்று நண்டுப் பொரிப்பகம் எங்கள் வட்டத்துத் தொடுவாயிலேயே இருப்பது பெரிய வசதி. ஆனால் நண்டும் ஊனுண்ணி, ஒன்றையொன்று கிழிக்கும், அதற்கும் கடைசியில் சங்காயத்தையே தேட வேண்டிவரும். கடலில் கூண்டு கட்டி வளர்ப்பதையும் தம்பி கேட்டான். எங்கள் கரை, தீவோ விரிகுடா மறைவோ இல்லாமல் வங்கக் கடலுக்கு நேர் எதிரே திறந்து கிடப்பது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்தில் கரையேறிய இரவை நினைவில் வைத்திருப்பவர்களிடம் கூண்டின் கயிற்றை நம்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உவர்நீர்க் குளத்துக்கு நான் சொன்னது பால் கெண்டையும் (மில்க்ஃபிஷ்) மடவையும். இரண்டும் குளத்தின் அடியில் படரும் பாசிப் படலத்தை மேய்ந்து வளரக்கூடியவை. சூரிய ஒளி, கொஞ்சம் மட்கிய எரு, முழங்கால் முதல் இடுப்பளவு தண்ணீர் ஆகியவை இருந்தால் அவற்றின் உணவு குளத்திலேயே முளைக்கும். போதாத நாட்களில் தவிடும் புண்ணாக்கும் தூவினால் போதும். உப்பு மாறுவதையும் அவை பொறுக்கும். சித்திரையில் கடலைவிடக் கரிக்கும் உப்பனாறு ஐப்பசி மழையில் குடிநீர்போல் ஆகிவிடும் என்பதால், இந்தப் பொறுமை எங்கள் குளத்துக்கு மிக முக்கியம். இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் பல தலைமுறையாகக் கடலோரக் குடும்பங்கள் சோறு உண்பது பால் கெண்டைக் குளங்களை நம்பித்தான். குஞ்சு கிடைப்பதுதான் நெடுங்காலம் தடையாக இருந்தது. 2015இல் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் அதையும் சினைப்படுத்திக் குஞ்சு எடுத்துக் காட்டிவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. பால் கெண்டையில் நுண்முள் மிகுதி; நம் சந்தையில் அதற்குக் கொடுவாவின் மதிப்பும் இல்லை, இறாலின் மதிப்பும் இல்லை. ஏக்கருக்கு இரண்டாயிரம் குஞ்சு விட்டு, முக்கால் பங்கு பிழைத்து, ஏழெட்டு மாதத்தில் அரைக் கிலோ எடைக்கு வந்தால் 750 கிலோ. இறாலின் 3.8 டன்னுக்குப் பக்கத்தில் இது சிறிய எண்தான். ஆனால் இரவு முழுவதும் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் ஓட வேண்டாம், மின்சாரம் போனால் டீசல் இயந்திரத்தைத் தேடி ஓட வேண்டாம், ஏறத்தாழ ஆறு டன் தீவனத்துக்குக் கடன் சொல்ல வேண்டாம். ஓர் ஆண்டு முழுதும் தவறிப்போனாலும் வீடு அடமானத்துக்குப் போகாத தொழில் இது. குளம் ஏற்கெனவே உப்பாகிவிட்டது. அதை நெல்லுக்கு மீட்க இந்தத் தலைமுறையில் முடியாது. கெட்டுப்போன நிலத்துக்குக் கெடுதல் செய்யாத ஒரு வேலையைக் கொடுப்பது என்ற அளவில், பால் கெண்டை எனக்கு மனநிறைவு தரும் தேர்வு.

நன்னீர்ப் பக்கத்துக்கு வருவோம். பள்ளமான அந்த மூலையில் அரை ஏக்கர் குளம் வெட்டிக் கெண்டைக் கூட்டுமீன் வளர்ப்பது பற்றி எனக்கு ஐயமே எழவில்லை. கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுநீரிலும், மிர்கால் அடிச்சேற்றிலும் மேய்வதால், ஒரே குளத்தை மூன்று அடுக்காகப் பயன்படுத்தும் முறை அது. இவை காவிரியில் பிறந்த மீன்கள் அல்ல, கங்கைச் சமவெளியிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சவுத்ரி ஊசிமூலம் கெண்டையை முட்டையிட வைத்ததிலிருந்துதான் நாடு முழுவதும் குஞ்சு தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியது. அரை ஏக்கரில் ஆயிரம் விரலிகள் (விரல் நீளக் குஞ்சுகள்), அதில் நானூறு கட்லா, முந்நூறு ரோகு, முந்நூறு மிர்கால். பத்து மாதத்தில் கிலோ எடையை நெருங்கும். எண்பது விழுக்காடு தங்கினால் அறுநூறு முதல் எழுநூறு கிலோ வரை எதிர்பார்க்கலாம்.

தீவனம் கடலைப் புண்ணாக்கும் அரிசித் தவிடும் சம அளவு. எங்கள் ஊரில் ஏற்கெனவே கெண்டை வளர்க்கும் ஓர் அக்காவின் குளத்தில் அதை எப்படிக் கொடுக்கிறார் என்று தம்பியை அழைத்துப்போய்க் காட்டினேன். பழைய உரச்சாக்கின் அடிப்பகுதியில் விரல் நுழையும் அளவுக்குப் பதினைந்து இருபது துளை போட்டு, ஊறவைத்த புண்ணாக்கையும் தவிட்டையும் பிசைந்து நிரப்பி, குளத்தில் ஊன்றிய மூங்கில் கழியில் பாதி மூழ்கும்படி கட்டித் தொங்கவிடுகிறார். சிறிது நேரத்தில் சாக்கு தானாக ஆடத் தொடங்கும். மீன்கள் முட்டி முட்டித் துளைவழியே தின்கின்றன. தீவனம் சேற்றில் வீணாவதில்லை. மாலையில் சாக்கில் மிச்சம் இருந்தால் மறுநாள் அளவைக் குறைக்கிறார். அந்தச் சாக்கில் ஒரு பிடி மீன்தூள் கிடையாது, கடலிலிருந்து எடுக்கப்பட்ட எதுவும் கிடையாது. குளம் வற்றும்போது அடித் தண்ணீரும் வண்டலும் பக்கத்து வயலுக்கே எருவாகப் போகின்றன. இறால் குளத்திலிருந்து வந்தால் ஆற்றைக் கெடுக்கும் தழைச்சத்து, இங்கே நெல்லின் வேருக்குப் போய் யூரியாச் செலவைக் குறைக்கிறது.

காலக்கணக்கும் பொருந்திவருகிறது. மேட்டூரில் வழக்கம்போல் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தால், கடைமடைக்கு அது வந்துசேர்ந்த பின் ஆடியில் விரலி விடலாம். 2024இல் திறப்பு ஜூலை 28 வரை தள்ளிப்போனதுபோல் ஆனால் விடுவதும் தள்ளிப்போகும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆடியில் விட்ட மீன் சித்திரையில் பிடிப்புக்கு வரும்போது விசைப்படகுகளின் தடைக்காலம் தொடங்கியிருக்கும். கடல்மீன் வரத்துக் குறைந்து, சீர்காழிச் சந்தையில் உயிர்க்கெண்டைக்கு ஆள் காத்திருக்கும் மாதங்கள் அவை.

மிச்சமிருக்கும் ஒன்றரை ஏக்கரில் சம்பாவோடு மீன் வளர்க்கும் முறையை இரண்டாம் ஆண்டில் பார்க்கலாம் என்று நினைக்கிறோம். வயலின் பத்தில் ஒரு பங்கை ஒரு மீட்டர் ஆழ அகழியாக வெட்டி, வரப்பை உயர்த்தி, சி.ஆர். 1009 போன்ற நீண்டகால ரகத்தை நட்டு, பயிர் வேரூன்றிய பின் கெண்டை விரலிகளை விட வேண்டும். மீன் வருமானம் ஏக்கருக்கு நூறு, இருநூறு கிலோ என்ற அளவில்தான் இருக்கும். ஆனால் மீன் இருக்கும் வயலில் பூச்சிமருந்து அடிக்க முடியாது என்ற கட்டாயமே அந்த முறையின் பெரிய நன்மை. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது வயல் வரப்பில் தூண்டில் போட்டு விராலும் கெளுத்தியும் பிடித்தோம். மருந்து வந்த பிறகு அவை போயின. அடிக்கும் மருந்தில் கணிசமான பங்கு வடிகால் வழியே உப்பனாற்றுக்கும் அங்கிருந்து கடலுக்கும் போகிறது.

எல்லாத் தேர்வுக்கும் பொதுவான ஆபத்து மழை. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டியபோது, எது வயல், எது குளம், எது ஆறு என்ற அடையாளமே அழிந்தது. அப்படி ஒரு நாளில் வளர்ப்பு மீன் வெளியேறும் என்பதை மனத்தில் வைத்தே எதை வளர்ப்பது என்று முடிவு செய்ய வேண்டும். அந்நிய இறாலோ நோய்த் தொற்றோ ஆற்றில் கலப்பதைவிட, கழிமுகத்தில் இயல்பாகவே வாழும் மடவையும் பால் கெண்டையும் தப்பிப் போவது ஆற்றுக்குத் தாங்கக்கூடியது. நன்னீர்க் குளத்தின் கரைமேல் இடுப்பளவு நைலான் வலை கட்டிவிட்டால் கெண்டையில் பாதியையாவது நிறுத்தலாம்.

பணத்துக்கு, 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் மானியம் என்பது விதி. நிதி ஒதுக்கீடு எப்போது வரும் என்பதை மீன்வளத் துறை அலுவலகத்தில் முதலில் கேட்டுத் தெரிந்துகொண்ட பின்னரே வேலையைத் தொடங்கச் சொன்னேன். மானியத்தை நம்பிக் கடன் வாங்கிக் குளம் வெட்டியவர்கள் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன். தம்பி மனைவியின் பெயரில் விண்ணப்பிப்பது என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது.

தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப பெரிய பணம் கிடையாதா அண்ணே?” என்றான். முதல் ஆண்டில் கிடையாது என்றேன். சற்றுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, பங்காளிப் பெரியப்பா வயல் பக்கம் கரையை எவ்வளவு தள்ளிக் கட்டலாம் என்று கேட்டான். சித்திரையில் இரண்டு இடத்திலும் மண் மாதிரி எடுத்து நாகப்பட்டினத்திலுள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகிறோம். உவர்நீர்க் குளத்தின் மேற்குக் கரையைப் பத்தடி உள்ளே தள்ளிக் கட்டி, வெளிப்பக்கம் கசிவு வாய்க்கால் ஒன்று வெட்டுவதென்றும், குளத்திலிருந்து ஆற்றுக்குப் போகும் வடிகால் ஓடையின் இரு ஓரமும் அலையாத்தி விதை ஊன்றுவதென்றும் பேசியிருக்கிறோம். வாய்க்கால் எந்த இடத்தில் வர வேண்டும் என்று கோடு கிழித்துக் காட்டப் பெரியப்பாவையே அழைத்திருக்கிறான். வருகிற ஞாயிறு காலையில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.